சாமிப் பாட்டு என்று நான் சொன்ன பிளேட்

எனக்கென்று சொந்தமாகக் கிடைத்த முதல் பாட்டு ஒரு குடிகாரனுடையது. முதலில் வாங்கிய பாட்டு எது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்ல வேண்டியிருப்பதால், நினைவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். கேட்பவர்கள் என் நரைத்த தலையைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். வயதானதில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான். ஆனால் நினைவு எங்கேயும் போய்விடவில்லை. இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் அலுத்துவிட்டது. ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட்டு ஓயலாம் என்று இருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலாக்காவில் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கொடியேற்றிய சந்தோஷம் அடங்கி, இனி என்ன செய்வது என்ற கவலை பெரியவர்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். இங்கேயே பேப்பர் எடுத்துக் குடிமகனாகிவிடுவதா, கப்பலேறி ஊருக்குப் போய்விடுவதா என்று இரண்டு தமிழர்கள் சந்தித்தால் இதுதான் பேச்சு. எங்கள் வீட்டில் அதைப் பேசத் தெம்புள்ளவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி; கல்யாணம் ஆகாதவர்; எங்களோடு தங்கியிருந்தார். அப்பாவுக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. பகலெல்லாம் நடந்துவிட்டு வந்து, உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாரென்றால் எந்த நாட்டைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருக்காது. அம்மாவுக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். நாடு அம்மாவுக்கு ஐந்தாவது பிள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும், அதையும் யாராவது குளிப்பாட்டினால் சரி என்று விட்டுவிட்டாள்.

மாமா ஊருக்குப் போவதென்று முடிவு செய்தார். போவதற்கு முந்தின வாரம் என்னை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எது வேண்டுமானாலும் கேள் என்றார். நான் பொம்மை கேட்பேன், பாவாடைத் துணி கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பாட்டுப் பிளேட் விற்கும் கடை முன்னால் நின்றுவிட்டேன். மாமா வீட்டில் எப்போதும் ஒரு பாட்டை முனகிக்கொண்டிருப்பார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி நடித்துக்காட்டி எங்களைச் சிரிக்கவைப்பார். அந்தப் பாட்டுத்தான் எனக்கு வேண்டும் என்றேன். மாமா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வாங்கி வந்தார். கறுப்பாக, பளபளவென்று, நடுவில் சிவப்புத் தாள் ஒட்டிய கனத்த பிளேட். எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்கும் பெட்டி இல்லை என்பது வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்டா, அடுப்பே இல்லாத வீட்டுக்கு அரிசி வாங்கிட்டு வந்திருக்கியே."

"பாட்டு வந்துட்டா பெட்டி தானா வந்து சேரும் லா, அக்கா," என்றார் மாமா.

மாமா கப்பலேறிவிட்டார். பெட்டி வரவில்லை. நான் தினமும் பிளேட்டை உறையிலிருந்து எடுத்து, பாவாடையால் துடைத்து, ஆள்காட்டி விரலை நடு ஓட்டையில் விட்டுச் சுற்றிக்கொண்டே வாயால் பாடுவேன். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. சொந்தமாகப் பாட்டு வைத்திருந்தும் அதைக் கேட்க முடியாதவளின் ஏக்கம் எப்படியிருக்கும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கும் அந்தப் பொறுமை போய்விட்டது.

எதிர்ச் சந்துக்குள் கம்போங் செட்டி, செட்டிகள் குடியிருக்கும் பகுதி. அதன் முதல் வீட்டில் இருந்த அம்மாளை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். சொந்தம் ஒன்றும் இல்லை. செட்டிகள் எங்களைவிடப் பல தலைமுறை முந்தி இந்த ஊருக்கு வந்தவர்கள். சாமி எங்கள் சாமி, நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலைத் தோரணம். ஆனால் உடுப்பது மலாய்க்காரர்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும், பேசுவது மலாய். தமிழில் அத்தைக்குத் தெரிந்தது சாமி, பூஜை, உறவு முறை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். கோயிலில் தேவாரத்தை எழுத்துப் பிசகாமல் பாடுவார். பாடி முடித்ததும் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் அம்மாவிடம் மலாயில் கேட்பார். அம்மாவுக்கும் தெரியாது. நல்ல அர்த்தம் என்று சொல்லிவைப்பாள்.

அத்தை விதவை. ஒரே மகன். போலீஸில் சேர்ந்து பகாங் காட்டுப் பக்கம் போயிருந்தான். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இன்னும் ஓயாத காலம். அவன் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய கைப்பிடி சுற்றும் பாட்டுப் பெட்டி ஒன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தது. அவன் காட்டுக்குப் போன நாளிலிருந்து அத்தை அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு மூடிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு மட்டும் துணியை எடுத்துச் சாமிப் பாட்டு ஒன்று போடுவார். வேறு எந்தப் பாட்டுக்கும் அந்த வீட்டில் இடமில்லை. பிள்ளை ஆபத்தில் இருக்கும்போது கூத்தும் கும்மாளமும் எதற்கு என்பது அவர் எண்ணம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பிளேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். அத்தை அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புத் தாளில் இருந்த எழுத்து தமிழ் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

"இனி லாகு சாமி கா?" என்று கேட்டார். இது சாமிப் பாட்டா என்று அர்த்தம்.

ஆமாம் என்று தலையாட்டினேன். யோசிக்கவே இல்லை. இன்னொரு பக்கத்தில் ஒரு காதல் பாட்டு இருந்தது. அந்தப் பக்கம் கீறிப்போய்விட்டது, ஊசி கெட்டுவிடும் என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னேன். பொய் சொல்வதில் அந்த வயதிலேயே எனக்கு முன்யோசனை இருந்தது.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விடிகாலையில் குடித்துவிட்டு வருகிறான் ஒருவன். மனைவி கதவைத் தாழ் போட்டுவிட்டாள். அவன் படியில் உட்கார்ந்துகொண்டு, திறம்மா, இன்றோடு விட்டேன், உன் அம்மா தலைமேல் சத்தியம் என்று கெஞ்சுகிறான். வேடிக்கை என்னவென்றால், பாட்டுக் கட்டியவர் அதற்கு அசல் பஜனை மெட்டுப் போட்டிருந்தார். ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லும் கோஷ்டி எல்லாம் உண்டு. தமிழ் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்கு யாரோ ஒரு பக்தர் மனமுருகித் தெய்வத்தைக் கூப்பிடுவதாகத்தான் படும்.

அத்தைக்கு அப்படித்தான் பட்டது. கைப்பிடியைச் சுற்றி, ஊசியை வைத்துவிட்டு, விளக்கு முன்னால் மண்டியிட்டார். குடிகாரன் தன் மாமியார் தலைமேல் சத்தியம் செய்யும் இடத்தில் குரலை நீட்டி உருகுவான். சரியாக அங்கே அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாட்டைக் கேட்டுவிட்டேன் என்ற ஆனந்தம் வேறு. பாட்டு முடிந்ததும் அத்தை என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இதே பூஜை. தன்னிடம் இருந்த மற்றப் பிளேட்டுகளை அவர் தொடுவதையே விட்டுவிட்டார். சந்து குறுகலானதால் பாட்டு எங்கள் வீட்டுக்கும் கேட்கும். முதல் நாளே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. என் காதைப் பிடித்து முறுக்கப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றாள்.

"அவங்க கும்பிடுறாங்க. நீ வாயை மூடிக்கிட்டு இரு. எடுத்துச் சொல்லிக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்ல," என்றாள்.

மாமா பாடிய பாட்டு அது என்பதால் அவளும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. அவளிடம் கேட்டதில்லை.

பங்குனி கழிந்து சித்திரையில் அத்தையின் மகன் லீவில் வந்து சேர்ந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். யாராவது கதவைச் சத்தமாகச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுவான். அத்தை அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சோறு ஊட்டிவிடாத குறைதான். அடுத்த வாரம் கம்போங் செட்டி அம்மன் கோயிலில் திருவிழா. அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். திருவிழாவன்று அம்மன் ஊர்வலம் புறப்படும் நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் என் பிளேட்டைப் போடப்போவதாகவும், நானே என் கையால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். கோயில் ஆட்களிடம் பேசிச் சம்மதம் வாங்கியாயிற்றாம். ஒலிபெருக்கி கொண்டுவருபவர் சீனர். அவர் கொடுத்ததைப் போடுவார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தத் திருவிழாவுக்கு டவுன் தமிழர்களும் வருவார்கள். எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார் குடும்பத்தோடு வருவார். செட்டிகளைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே ஒரு இளக்காரம் உண்டு. தமிழ் தெரியாத தமிழர்கள், மலாயில் சாமி கும்பிடுகிறவர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அம்மன் வாசல் தாண்டும்போது குடிகாரன் கதவைத் தட்டினால் ஊரே சிரிக்கும். அத்தை எல்லாருக்கும் நடுவில் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். அதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது. எங்கிருந்து இந்தப் பாட்டு வந்தது என்று வாத்தியார் கேட்பார், அத்தை என்னைக் காட்டுவார் என்பதையும் நினைத்தேன். சரியாகச் சொன்னால் அதைத்தான் அதிகம் நினைத்தேன். என் பயத்துக்கு அத்தைமேல் இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் வீட்டுப் படி ஏறினேன். முதல் முறை அவர் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுத்தார். இரண்டாவது முறை மகனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்துவிட்டேன்.

திருவிழா அன்று காலை பிளேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சந்து முனையில் ஒரு பெரிய சாக்கடை. அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. பிளேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டேன். அது புல்லில் விழுந்து, ஒன்றும் ஆகாமல், என்னைப் பார்த்தது. மறுபடி எடுத்தேன். அந்தச் சிவப்புத் தாளை ஒரு தடவை தடவிக்கொடுத்தேன். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே பொருள் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த முறை சாக்கடையின் சிமெண்டு விளிம்பைப் பார்த்து ஓங்கி அடித்தேன். நாலைந்து துண்டாயிற்று. எழுத்து இருந்த துண்டைத் தேடி எடுத்து முதலில் தண்ணீரில் போட்டேன், யாரும் படித்துவிடக் கூடாதே. மற்றவற்றையும் தள்ளிவிட்டேன். பிறகு முழங்காலைச் செம்மண்ணில் வைத்துத் தேய்த்தேன், ரத்தம் வருகிறவரைக்கும்.

விழுந்துவிட்டேன், பிளேட் உடைந்து சாக்கடையில் போய்விட்டது என்று அழுதுகொண்டே சொன்னபோது, அத்தையின் முகம் ஒரு கணம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் உடனே குனிந்து என் முழங்காலைத்தான் பார்த்தார். "தாக் அப்பா, தாக் அப்பா," பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே கழுவி, மஞ்சள் அரைத்துப் போட்டார். அவர் விரல்கள் நடுங்கின. என் காயத்தைப் பார்த்துப் பதறுகிறார் என்று நினைத்தேன்.

ஊர்வலம் நன்றாக நடந்தது. கோயிலில் இருந்த வேறு ஏதோ பிளேட்டைப் போட்டார்கள். வாத்தியார் என் முழங்காலைப் பார்த்து, என்னம்மா ஆயிற்று என்று பரிவோடு விசாரித்தார். அத்தை கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். கையைக் கூப்பியிருந்தார், கண்ணை மட்டும் அம்மன் பக்கம் உயர்த்தவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரிய அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டேன், அதுவும் என் சொந்தப் பிளேட்டைப் பலிகொடுத்து என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான்கு நாள் கழித்து அவர் மகன் மறுபடி காட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அத்தை வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. மத்தியானமே குடையை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிடுவார். பொழுது சாயும் நேரத்தில் வெறுங்கையோடு வருவார். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் தமிழ் படிக்கிறவள், கடைக்காரனிடம் எடுத்துச் சொல்வேன் என்று எண்ணியிருக்கிறார்.

பாட்டுக் கடைதான். மாமா வாங்கிய கடை இல்லை, வேறொன்று. உள்ளே இரண்டு இளைஞர்கள். அத்தையைப் பார்த்ததுமே ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள். அவர் அங்கே வருவது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. லாகு சாமி என்று அத்தை சொன்னார். பிறகு கையைக் கூப்பி, கண்ணை மூடி, முனகினார். குடிகாரனின் பாட்டை. வார்த்தை தெரியாமல், மெட்டையும் தன் பக்திக்குத் தகுந்தபடி இழுத்து இழுத்து, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி ஆக்கிவைத்திருந்தார். ஒருவன் ஏதோ ஒரு பஜனைப் பிளேட்டைப் போட்டுக் காட்டினான். அத்தை இல்லை என்று தலையசைத்தார். இன்னொன்று. அதற்கும் இல்லை. இன்னொரு தடவை பாடிக் காட்டுங்கள் என்றான் மற்றவன், முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே. அத்தை மறுபடி முனகினார். கோயிலில் ஒருநாள் நடந்து முடிந்திருக்க வேண்டிய கேலி இப்படிக் கடை கடையாக, வெள்ளி வெள்ளியாக நடந்துகொண்டிருந்தது.

"பாப்பா, இந்தம்மா என்னா பாட்டு கேக்குறாங்க, ஒனக்குத் தெரியுமா?" என்று ஒருவன் என்னிடம் கேட்டான்.

அத்தை ஆவலோடு என் வாயைப் பார்த்தார். எனக்கு அந்தப் பாட்டின் முதல் வரியும் தெரியும், கடைசி வரியும் தெரியும். சொன்னால் அவன் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்திருப்பான். கூடவே, இது சாமிப் பாட்டா என்று வாய்விட்டுச் சிரித்திருப்பான்.

"தெரியாது," என்றேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. இவ்வளவு தூரம் நடந்து வந்தேனே என்று அத்தை எனக்குச் சிரப் ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதை உறிஞ்சிக்கொண்டே, சாமிப் பாட்டு எத்தனையோ இருக்கிறதே, இந்தப் பாட்டேதான் வேண்டுமா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"சாயா சுடா நியாட்," என்றார் அத்தை.

என் மலாய் கடைத்தெருவில் பொறுக்கிய மலாய். நியாட் என்றால் ஆசை என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் கழித்து நான் நர்ஸாக இருந்த வார்டில், பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா அதே சொல்லைச் சொன்னார். இவன் பிழைத்தால் இன்னது செய்வேன் என்று நேர்ந்திருக்கிறேன் என்றார். மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அத்தை நேர்ந்துகொண்டிருக்கிறார். மகன் பத்திரமாக வீடு வந்தால் அந்தப் பாட்டை அம்மன் காதில் விழச் செய்கிறேன் என்று. அம்மன் அவனைக் கொண்டுவந்து விட்டாள். அத்தை சொன்னதைச் செய்யவில்லை. அப்புறம் அவன் திரும்பவும் காட்டுக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்து, பஸ் ஓட்டி, கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுத்தான். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் தபால்காரர் சந்துக்குள் நுழைந்தபோதெல்லாம் அத்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்று அவர் பக்கத்தில் நடந்தவளுக்கு இதெல்லாம் தெரியாது. இந்த வயதில் ஒரு பாட்டின்மேல் இவ்வளவு ஆசையா என்று சிரிப்பாக வந்தது. கொஞ்சம் வேகமாக நடங்கள் அத்தை, எனக்குக் கால் வலிக்கிறது என்றேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.